பனியாற்றின் காலடியில் கூடாரம்: ஐந்து நண்பர்களுக்கு ஒரு பினாங்குக்காரனின் பதில்

தங்கச்சி, உங்கள் கேள்வி இதுதான்: டிசம்பரில் 10 நாள் விடுப்பு, ஐந்து நண்பர்கள், இரண்டு கூடாரம், நியூசிலாந்தின் தென் தீவு. பனியாற்றுக்கு எவ்வளவு பக்கத்தில் படுக்க முடியும், ஐஸ் மேல் நாமாகவே நடக்கலாமா, போட்டிருக்கும் திட்டம் சரிதானா. கடைசியில் ஒரு வரி: "அப்பா வேண்டாம் என்கிறார், அவருக்கு என்ன சொல்வது?"

திட்டத்திலிருந்து தொடங்குகிறேன், கோளாறு அங்கேதான் இருக்கிறது. 10 நாளில் எட்டு ஊர் எழுதியிருக்கிறீர்கள். நாட்டின் உயரமான மலை மவுண்ட் குக், அதன் அடிவாரத்துக்கு ஒரே ஓர் இரவு. நானும் முதல் தடவை அப்படித்தான் போனேன். பினாங்கின் ஆயர் ஈத்தாமிலிருந்து நாங்கள் நான்கு பேர், அங்கே ஒன்றரை நாள். அந்த ஒன்றரை நாளும் மேகம் தலைக்கு மேலேயே தொங்கிக்கொண்டிருந்தது. மலை எந்தப் பக்கம் என்பதையே ஒரு பலகையைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம். மறுநாள் காலை கிளம்பி, புக்காக்கி ஏரிக்கரையில் காரை நிறுத்தித் திரும்பிப் பார்த்தால், ஒரு பொட்டு மேகம் இல்லாமல் முழு மலையும் நிற்கிறது. அன்றிரவுக்கு வேறு ஊரில் காசு கட்டியாகிவிட்டது. நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு காரில் ஏறினோம். யாரும் வெகுநேரம் பேசவில்லை.

அதனால் ஊர்களைக் குறையுங்கள், ஒரே பள்ளத்தாக்கில் இரவுகளைக் கூட்டுங்கள். குறைந்தது நான்கு இரவு. மற்ற எல்லாவற்றையும் இதற்கு ஏற்றபடி வெட்டிக்கொள்ளலாம்.

காரணம் அந்த மலைத்தொடரின் அமைப்பு. தென் தீவின் முதுகெலும்பு மாதிரி சதர்ன் ஆல்ப்ஸ் வடக்கு தெற்காக ஓடுகிறது. மேற்கே கடல். கடல் காற்று ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து மலையில் மோதி, மேலே ஏறி, குளிர்ந்து, கொட்டுகிறது. மேற்குப் பக்கம் இருக்கும் ஃபிரான்ஸ் ஜோசப் ஊரில் ஆண்டுக்கு 5 மீட்டர் அளவுக்கு மழை. நம் பினாங்கு மழையைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. நமக்கு இது தொல்லை. பனியாற்றுக்கு இதுதான் சாப்பாடு. உச்சியில் இதே ஈரம் பனியாக விழுந்து, அடுக்கு மேல் அடுக்காக அழுந்தி, உள்ளே இருக்கும் காற்றில் பெரும்பகுதி பிதுங்கி, இறுகிய ஐஸ் ஆகித் தன் கனத்தாலேயே கீழே நகர்கிறது. மழைக்கு முகம் சுளிக்கிறவர்கள் பனியாறு பார்க்கப் போகக் கூடாது. இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

இன்னொரு தவறு வரைபடத்தைப் பார்த்து வருவது. மவுண்ட் குக் கிராமத்துக்கும் ஃபிரான்ஸ் ஜோசப்புக்கும் நேர்கோட்டில் 40 கிலோமீட்டர்கூட இல்லை. நீங்களும் "மறுநாள் அந்தப் பக்கம் போய்விடலாம்" என்று போட்டிருக்கிறீர்கள். நடுவே மலையைக் கடக்கும் சாலை கிடையாது. வனாக்கா, ஹாஸ்ட் கணவாய் என்று சுற்றிப் போனால் ஏறத்தாழ 500 கிலோமீட்டர். பட்டர்வொர்த்திலிருந்து நெடுஞ்சாலையில் போய் சிரம்பானைத் தாண்டுகிற கணக்கில் யோசிக்காதீர்கள். இது வளைவும் ஒருவழிப் பாலமுமாக நாள் முழுக்க ஓட்ட வேண்டிய சாலை. கூடாரம்தான் போட வேண்டும் என்றால் கிழக்குப் பக்கத்தைத் தேர்ந்தெடுங்கள். மலையின் மறைவில் இருப்பதால் அங்கே மழை சற்றுக் குறைவு, மேற்குக் கடற்கரையின் சேண்ட்ஃப்ளை தொல்லையும் அவ்வளவு இல்லை. அந்தச் சின்னக் கறுப்புப் பூச்சி கடித்தால் ஒரு வாரம் சொறிந்துகொண்டே இருக்க வேண்டும்.

கிறைஸ்ட்சர்ச்சில் இறங்கி, அன்றைக்கு ஓட்டாமல் தூங்கிவிட்டு, மறுநாள் டெக்காபோ வழியாக மவுண்ட் குக் போங்கள். மொத்தம் 330 கிலோமீட்டர் சொச்சம். கடைசி 55 கிலோமீட்டரில் பெரும்பகுதி புக்காக்கி ஏரியின் ஓரமாகவே போகும். ஏரியின் நிறத்தைப் பார்த்ததும் யாராவது "சாயம் கலந்துட்டாங்களா?" என்று கேட்பார்கள், எங்கள் காரிலும் கேட்டார்கள். பனியாறு நகரும்போது அடியில் இருக்கும் பாறையை அரைத்து மாவாக்குகிறது. அந்தக் கல்மாவு தண்ணீரில் படியாமல் மிதந்து வெளிச்சத்தைச் சிதறடிப்பதால்தான் அந்தப் பால் கலந்த நீலம். வழியில் டுவைசல் பக்கம் திரும்பிச் சாமான் வாங்கிக்கொள்ளுங்கள். மவுண்ட் குக் கிராமத்தில் பேரங்காடி கிடையாது, டுவைசலுக்குத் திரும்பி வர 65 கிலோமீட்டர். வெங்காயம் மறந்துபோனால் மறந்ததுதான்.

கிராமத்திலிருந்து 2 கிலோமீட்டர் தள்ளி ஒயிட் ஹார்ஸ் ஹில் என்ற முகாம் இருக்கிறது. டிஓசி என்று சுருக்கமாகச் சொல்லும் இயற்கைப் பாதுகாப்புத் துறை நடத்துவது. கழிப்பறை உண்டு, ஒதுங்கிச் சமைக்க ஒரு கூடம் உண்டு. "பனியாற்றுக்கு எவ்வளவு பக்கத்தில்" என்ற உங்கள் கேள்விக்கு விடை இந்த இடம்தான். கூடாரத்தின் வாயைத் திறந்தால் எதிரே செஃப்டன் மலையின் சரிவில் ஐஸ் தொங்குகிறது. என் இரண்டாவது பயணத்தில் நடு இரவில் இடி முழக்கம் கேட்டு எழுந்தேன். மழை வரப்போகிறது, காயப்போட்ட சாக்ஸை உள்ளே எடுக்கலாம் என்று தலையை நீட்டினால், வானம் நிறைய நட்சத்திரம். இடி இல்லை. மேலே ஐஸ் உடைந்து விழுந்த சத்தம். பக்கத்துக் கூடாரத்தில் படுத்திருந்த நண்பன் "மச்சான், லோரி ஏதும் கவிழ்ந்துருச்சா?" என்று கேட்டான். அப்புறம் எங்களுக்குத் தூக்கம் வரவில்லை, அடுத்த சத்தத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தோம்.

நட்சத்திரம் என்றதும் ஒரு விஷயம். அந்தப் பகுதி முழுவதும் 2012 முதல் இருண்ட வானக் காப்பகம், அதாவது நட்சத்திரம் தெரிய விளக்கு வெளிச்சத்தைக் கட்டுப்படுத்தும் இடம். ஆனால் டிசம்பரில் சூரியன் மறையவே இரவு ஒன்பதரை ஆகும், சரியாக இருட்டப் பதினொன்றைத் தாண்டும். ஏழரைக்கெல்லாம் இருட்டிவிடும் ஊரிலிருந்து போகிறவர்களுக்கு முதல் நாள் பசி, தூக்கம் எல்லாமே குழம்பிப்போகும்.

நடக்க என்ன இருக்கிறது? ஹூக்கர் பள்ளத்தாக்கு நடை முகாமிலிருந்தே தொடங்குகிறது. போகவர 10 கிலோமீட்டர், மூன்று மணி நேரம், ஏற்றம் அதிகம் இல்லை. முடிவில் ஒரு சாம்பல் நிற ஏரி, அதில் மிதக்கும் பனிப்பாறைகள், அதற்குப் பின்னால் 3,724 மீட்டர் உயர மவுண்ட் குக். மாவோரி மக்களுக்கு அது அவோராக்கி. பழைய புத்தகங்களில் 3,764 என்று இருக்கும். 1991இல் உச்சியிலிருந்து பெரிய பாறைச் சரிவு ஒன்று நடந்தது, பிறகு மீதியும் தேய்ந்தது, புதிதாக அளந்து 2014இல் இந்த எண்ணை வைத்தார்கள். 2025இல் ஒரு தொங்கு பாலத்தை மாற்றுவதற்காக இந்தத் தடத்தின் மேல்பகுதியை மூடினார்கள். அதனால் கிளம்பும் வாரம் டிஓசி அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். மூடியிருந்தால் கியா பாயிண்ட் என்ற இடம் இருக்கிறது, ஒன்றரை மணி நேரத்தில் போய்வந்துவிடலாம்.

ஏறிப் பார்க்க ஆசை என்றால் சீலி டார்ன்ஸ் என்ற மலைக் குளங்கள். நம் பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு 513 படி. அங்கே 2,200. தைப்பூசத்துக்கு ஏறியதை வைத்துக் கணக்குப் போடாதீர்கள், அன்றைக்குக் கூட்டமே நம்மைத் தூக்கிக்கொண்டு போய்விடும்.

டாஸ்மன் பனியாறுதான் நாட்டிலேயே நீளமானது, 23 கிலோமீட்டர் அளவு. பார்த்ததும் ஏமாந்துபோவீர்கள், இப்போதே சொல்லிவிடுகிறேன். வெள்ளையாக இருக்காது. கீழ்ப்பகுதி முழுக்கக் கல்லும் மண்ணும் மூடி, கல் குவாரி மாதிரி கிடக்கும். எங்களில் ஒருவன் "இதுக்கா கடல் தாண்டி வந்தோம்" என்றே கேட்டுவிட்டான். ஆனால் அதன் முன்னால் கிடக்கும் ஏரியைக் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். 1970களின் தொடக்கத்துக்கு முன்னால் அந்த ஏரியே இல்லை. உங்கள் அப்பா பள்ளிக்கூடம் போன காலத்தில் அங்கே ஐஸ் இருந்தது. இன்று சுமார் 7 கிலோமீட்டர் நீளத்துக்குத் தண்ணீர். 2011 பிப்ரவரியில் கிறைஸ்ட்சர்ச்சைக் குலுக்கிய நிலநடுக்கத்தில் சுமார் 3 கோடி டன் ஐஸ் ஒரே அடியாக உடைந்து இந்த ஏரியில் விழுந்தது. பக்கத்தில் 'நீல ஏரிகள்' என்ற பெயரில் சில குளங்கள் இருக்கின்றன. இப்போது அவை பச்சை. பனியாறு சுருங்கி அதன் உருகுநீர் வருவது நின்று, மழைத் தண்ணீர் மட்டும் நிற்பதால் பாசி பிடித்துவிட்டது. பெயர்ப்பலகையை மட்டும் யாரும் மாற்றவில்லை.

ஐஸ் மேல் நாமாகவே நடக்கலாமா? கூடாது. இதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. பனியாற்றின் மேல் பிளவுகள் இருக்கும், சிலவற்றைப் புதுப்பனி மெல்லிய கூரை மாதிரி மூடியிருக்கும், மிதித்தால்தான் தெரியும். பனியாறு முடியும் முகப்பு அதைவிட மோசம், எப்போது உடையும் என்று சொல்ல முடியாது. 2009 ஜனவரியில் மேற்குக் கரையின் ஃபாக்ஸ் பனியாற்றில் தடுப்பைத் தாண்டிப் பக்கத்தில் போன அண்ணன் தம்பி இருவர் ஐஸ் சரிந்து இறந்துபோனார்கள், மெல்பர்னிலிருந்து குடும்பத்தோடு வந்த இளைஞர்கள். தடுப்புக் கயிறு நம் கண்ணுக்குத் தேவையில்லாமல் தள்ளிக் கட்டியதாகத் தெரியும். அப்படித் தெரிவதுதான் ஆபத்து, ஏனென்றால் பக்கத்தில் ஒரு மரமோ வீடோ இல்லாததால் ஐஸின் உயரம் நமக்குப் பிடிபடாது.

வழிகாட்டியோடு நடக்கலாம். முன்பு ஃபிரான்ஸ் ஜோசப்பில் பள்ளத்தாக்கு வழியாக நடந்தே ஐஸில் ஏறினார்கள். முகப்பு வேகமாகப் பின்வாங்கியதால் 2012 முதல் ஹெலிகாப்டரில் மட்டும்தான். ஆளுக்குப் பல நூறு வெள்ளி ஆகும், நம் வெள்ளியான ரிங்கிட் இல்லை, அவர்கள் வெள்ளியான டாலர். வானிலை சரியில்லை என்றால் பறக்க மாட்டார்கள், அடிக்கடி சரியில்லாமலும் போகும். ஐந்து பேருக்கும் அந்தப் பணம் இருந்தால் மேற்குக் கரைக்குத் தனியாக இன்னொரு பயணம் வையுங்கள். இந்தத் தடவை அதற்குப் பதிலாக டாஸ்மன் ஏரியில் படகில் போங்கள். உடைந்த ஐஸின் பக்கத்திலேயே கொண்டுபோவார்கள். எங்கள் படகுக்காரர் ஒரு துண்டை எடுத்துக் கையில் கொடுத்தார். கண்ணாடி மாதிரி, உள்ளே ஒரு குமிழிகூட இல்லை. பெரிய பாறைகளில் மட்டும் நீலம் தெரிந்தது. ஐஸ் சிவப்பு வெளிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கும், தடிமன் கூடக்கூட நீலம் மட்டுமே மிஞ்சும். கையில் இருந்த துண்டுக்கு அந்தத் தடிமன் போதாது.

சரி, இனி இரவு. நம் ஆட்கள் தோற்பது நடையில் இல்லை, படுக்கையில்தான். டிசம்பர் அங்கே கோடைதான், ஆனாலும் மலையடியில் இரவு 5 டிகிரிக்கு இறங்கும், தெளிந்த வானம் என்றால் பூஜ்யத்தை எட்டிப் பார்க்கும். கேமரன் மலைக் குளிர் இதற்குப் பக்கத்தில் நிற்காது. தூங்குபையின் மேல் இரண்டு மூன்று எண் அச்சிட்டிருக்கும். 'கம்ஃபர்ட்' என்ற எண்ணை மட்டும் பாருங்கள், அது பூஜ்யமோ அதற்குக் கீழோ இருக்கட்டும். 'எக்ஸ்ட்ரீம்' என்பது உயிர் தப்பிக்கும் அளவு, தூங்கும் அளவு இல்லை. நான் முதல் தடவை கடைக்காரர் பேச்சைக் கேட்டு அந்த எண்ணை நம்பி வாங்கி, மூன்று சட்டை போட்டுக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தேன்.

பையைவிட முக்கியம் கீழே விரிக்கும் மெத்தை. உடம்புச் சூட்டைத் தரைதான் உறிஞ்சும். பை அழுந்தும் இடத்தில் அதன் பஞ்சு வேலை செய்யாது. நம் ஊர்ப் பாய் போதவே போதாது, தடித்த ஃபோம் மெத்தை வேண்டும். அப்புறம் பருத்திச் சட்டையில் படுக்காதீர்கள், வியர்வையைப் பிடித்துவைத்துக்கொண்டு உங்களைக் குளிர வைக்கும். கம்பளி அல்லது பாலியஸ்டர்.

அடுப்பு. நீங்கள் தெலுக் பஹாங்கில் கூடாரம் போடும்போது கொண்டுபோவீர்களே, ஸ்டீம்போட் போட வைத்திருக்கும் நீள டின் கேஸ் அடுப்பு, அது அங்கே காலை வாரும். அந்த டின்னில் இருப்பது பெரும்பாலும் பியூட்டேன். மைனஸ் 0.5 டிகிரிக்குக் கீழே போனால் அது வாயுவாக மாறாது, திரவமாகவே உட்கார்ந்திருக்கும். காற்று 4, 5 டிகிரியில் இருந்தாலும் பிரச்சினைதான், எரிய எரிய டின் தானாகவே மேலும் குளிர்ந்துபோகும். எங்களுக்கு அரைப் பானைத் தண்ணீர் கொதிப்பதற்குள் நெருப்பு நீல மொட்டாகச் சுருங்கிவிட்டது. மெகி வெந்தும் வேகாமலும், மைலோ கட்டி கட்டியாக. ஐசோபியூட்டேனும் புரொப்பேனும் கலந்த, திருகிப் பொருத்தும் குட்டை டின்னை கிறைஸ்ட்சர்ச்சில் வாங்குங்கள். விமானத்தில் எந்த கேஸ் டின்னும் ஏற்ற முடியாது. எவ்வளவு குளிராக இருந்தாலும் கூடாரத்துக்குள் அடுப்பை மூட்டாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது, தூக்கத்திலேயே கொண்டுபோய்விடும்.

உணவுக்கு வருகிறேன். நியூசிலாந்து விமான நிலையத்தில் கடப்பிதழைவிட நம் சம்பலைத்தான் கவனமாகப் பார்ப்பார்கள். கொண்டுபோகும் சாப்பாட்டுச் சாமான் எல்லாவற்றையும் படிவத்தில் அறிவிக்க வேண்டும். அறிவித்தால் பார்த்துவிட்டுத் தருவார்கள், அல்லது எடுத்துக்கொள்வார்கள், அபராதம் இல்லை. மறைத்து ஓர் ஆப்பிள் அகப்பட்டாலும் 400 நியூசிலாந்து வெள்ளி. கறிவேப்பிலை, பழம், தேன் மூன்றையும் வீட்டிலேயே வைத்துவிடுங்கள். நெத்திலிச் சம்பல், மசாலாத் தூள் எல்லாம் கடையில் அடைத்த பொட்டலமாக, பெயர் அச்சிட்டு இருக்கட்டும். என் மாமியார் ஹார்லிக்ஸ் போத்தலில் போட்டுக் கொடுத்த மிளகாய்த்தூளை அந்த அதிகாரி மூன்று தடவை திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

கூடாரத்தையும் காலணியையும் அறிவிக்க வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. நம் காட்டு மண்ணோ விதையோ ஒட்டியிருந்தால் விட மாட்டார்கள். முளைக்குச்சிகளைப் பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவி, வெயிலில் காய வைத்துக் கட்டுங்கள். மலேசியக் கடப்பிதழுக்கு விசா வேண்டாம், ஆனால் பயணத்துக்கு முன் மின்னனுமதி எடுக்க வேண்டும், அதோடு சுற்றுலா வரி ஒன்று கட்ட வேண்டும். 2024 அக்டோபரிலிருந்து அந்த வரி மட்டும் ஆளுக்கு 100 நியூசிலாந்து வெள்ளி. ஐந்து பேருக்கு இதைக் கணக்கில் சேர்த்தீர்களா?

வண்டி நம்மைப் போல இடது பக்கம்தான். உரிமம் மலாயில் இருப்பதால் நம் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயில் அனைத்துலக ஓட்டுநர் அனுமதியை எடுத்துக்கொள்ளுங்கள். காரை நிறுத்தினால் கதவைக் கையால் பிடித்துக்கொண்டே திறவுங்கள். டாஸ்மன் பள்ளத்தாக்கில் காற்று கதவைப் பிடுங்கி மடக்கிவிடும், கார் வாடகைக்காரர்கள் அதற்குத் தனியாகக் காசு பிடிப்பார்கள். காற்று செய்யாததைக் கியா செய்யும். பச்சைக் கிளி, சேவல் பருமன், படு புத்திசாலி. காரின் ரப்பர் பட்டையை உரித்துத் தின்னாமலே போட்டுவிட்டுப் போகும். எங்கள் கூடாரத்தின் ஜிப்பை ஒன்று வெகு நிதானமாக ஆராய்ந்துகொண்டிருந்தது, பக்கத்தில் போய்ச் சத்தம் போட்டால் தலையைச் சாய்த்து நம்மைப் பார்க்கிறது. தீனி மட்டும் போடாதீர்கள்.

ஐந்து பேர் போவதில் ஒரு சிக்கல் உண்டு. ஒருவருக்கு உச்சி, ஒருவருக்குப் படம், ஒருவருக்குத் தூக்கம். கிளம்பும் முன்பே ஒன்றை முடிவு செய்யுங்கள்: யாராவது ஒருவர் "திரும்பலாம்" என்றால் எல்லோரும் திரும்புவது, காரணம் கேட்பது முகாமுக்கு வந்த பிறகு. கைப்பேசிக்குப் பல இடங்களில் சிக்னல் இருக்காது. அவசரத்துக்கு அழைக்கும் சிறு பீக்கன் கருவி வாடகைக்குக் கிடைக்கும், ஒன்று எடுங்கள்.

அப்பாவிடம் என்ன சொல்வது? 1997 மே 23 அன்று எவரெஸ்ட் உச்சியில் முதல் மலேசியர்களாக நின்ற மகேந்திரனும் மோகன்தாஸும் நம் பிள்ளைகள்தான் என்று சொல்லிப் பாருங்கள். அவருக்கு அந்த நாள் நினைவிருக்கும், எங்கள் வீதியில் பட்டாசே வெடித்தார்கள். அது பலிக்கவில்லை என்றால் மேலே எழுதிய தூங்குபை, அடுப்பு, தடுப்புக்கயிறு விவரங்களைப் படித்துக்காட்டுங்கள். அப்பாக்களுக்குப் பெருமையைவிடப் பட்டியல்தான் தைரியம் கொடுக்கும்.

ஞாயிறு காலை ஆறு மணிக்குத் தண்ணீர்மலை அடிவாரத்துக்கு ஐந்து பேரும் வாருங்கள். முதுகுப்பையில் ஆளுக்கு ஒரு 10 கிலோ அரிசி மூட்டை. இரண்டு தடவை ஏறி இறங்கிவிட்டு, கீழே தோசைக்கடையில் உட்கார்ந்து தூங்குபைகளின் சீட்டைப் பார்த்துவிடலாம். என்னிடம் ஃபோம் மெத்தை இரண்டு இருக்கிறது, அவற்றை வாங்க வேண்டாம்.